பதில்: திருச்சி – கோலாலம்பூர், ஒரு பை 11 கிலோ

அம்மாவோடு முதல் தடவை ஏர் ஏசியாவில் போவதாகவும், ஒரு பை 11 கிலோ இருப்பதாகவும், கூடுதல் எடைக்கு விமான நிலையத்திலேயே பணம் கட்டிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இன்றே செயலியில் உங்கள் முன்பதிவைத் திறந்து லக்கேஜுக்குப் பணம் கட்டிவிடுங்கள். அதே எடைக்குக் கவுன்டரில் நிறையக் கேட்பார்கள். நானும் ஒருமுறை வேறொரு மலிவு விமானத்தில் இப்படி அசட்டையாக இருந்துவிட்டு, டிக்கெட் விலையில் பாதியை அங்கே கட்டினேன்.

கையில் கொண்டுபோக ஆளுக்கு 7 கிலோ. தோள்பை, மடிக்கணினி எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

அம்மா கட்டிவைத்திருக்கும் ஊறுகாயும் நெய்யும் கைப்பையில் வேண்டாம், சோதனையில் எடுத்துவிடுவார்கள். நன்றாக இறுக்கிச் சுற்றி, கவுன்டரில் ஒப்படைக்கும் பெரிய பெட்டியில் வையுங்கள். கொப்பரை இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்று அதற்கு எந்தப் பையிலும் அனுமதி இல்லை. பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை. போய்ச் சேருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் குடிவரவுத் துறையின் தளத்தில் இருவருக்கும் தனித்தனியே நிரப்புங்கள். இலவசம்தான், பணம் கேட்கும் தளம் எதையும் நம்பாதீர்கள்.

சாப்பாடு டிக்கெட்டில் சேராது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் சாப்பாட்டை முன்பே பதிவு செய்துவிடுங்கள், மாத்திரை கைப்பையிலேயே இருக்கட்டும்.