கூலி கேட்காதவர்களின் கோபம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கான ஒரு இணையக் குழுவில் அட்மினாக இருக்கிறேன். என் மகளுக்கு நோய் தெரியவந்த புதிதில் எனக்குக் கைகொடுத்த குழு அது. ஒரு வருடம் கழித்து, "நீங்களும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்களேன்" என்றார்கள். சரி என்றேன். அப்போது சில நூறு பேர். இப்போது பல ஆயிரம் பேர். அட்மின்கள் நான்கு பேர். அதில் இரண்டு பேர் எட்டிப் பார்ப்பதே இல்லை.

போன வாரம் ஒரு நாள் இரவு ஒரு அம்மா எழுதியிருந்தார். மகனுக்கு இன்சுலினைப் பாதியாகக் குறைத்துவிட்டோம், ஒரு மூலிகைப் பொடிதான் காரணம், சீக்கிரமே முழுவதுமாக நிறுத்திவிடுவோம் என்று. நான் பார்ப்பதற்குள் பொடி எங்கே கிடைக்கும் என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். நீக்கிவிட்டேன். மறுநாள் முழுக்க வசவு. மருந்துக் கம்பெனியிடம் காசு வாங்குகிறவன், சர்வாதிகாரி, வேலைவெட்டி இல்லாதவன். ஒருவர் என் மகளின் படத்தைத் தேடி எடுத்துப் போட்டு, "இந்தப் பிள்ளை ஊசியிலேயே கிடக்கட்டும்" என்று எழுதினார்.

மனைவி கேட்கிறாள், "காசா பணமா, எதுக்கு இந்த வம்பு?" பதில் சொல்லத் தெரியவில்லை. என்னைப் போலச் சம்பளம் இல்லாமல் இதைச் செய்கிறவர்கள் எல்லாம் எதற்காகச் செய்கிறார்கள்? விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. விட்டால் குழு என்ன ஆகும் என்றும் தோன்றுகிறது.

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள தம்பிக்கு,

அந்தப் பதிவை நீக்கியது சரி. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டைப் 1 நோயில் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு இன்சுலினை அடியோடு நிறுத்தினால் சில நாட்களுக்குள், சில சமயம் ஒரே நாளில், இரத்தத்தில் அமிலம் ஏறி உயிர் போகும் நிலை வரும். ஆனால் அந்த அம்மா பொய் எழுதியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. நோய் தெரிந்து இன்சுலின் போட ஆரம்பித்த கொஞ்ச நாளில், அழியாமல் மிச்சமிருக்கும் செல்கள் சிறிது தேறி மறுபடி சுரக்கும். மருத்துவர்கள் இதை ஹனிமூன் கட்டம் என்கிறார்கள். ஊசியின் அளவு பாதிக்கும் கீழே இறங்கக்கூடும். சிலருக்குச் சில வாரம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் இது நீடிக்கும். அப்புறம் தேவை மறுபடி ஏறிவிடும். அந்த இடைவெளியில் எந்தப் பொடியைக் கொடுத்தாலும் பொடிதான் குணமாக்கியது என்று பெற்ற மனம் நம்பத்தான் செய்யும்.

ஆக, அவர் பார்த்தது நிஜம், அதிலிருந்து அவர் எடுத்த முடிவு ஆபத்து. இரண்டையும் பிரித்துப் பார்த்து, இன்னொரு வீட்டில் யாராவது அதைச் செய்து பார்ப்பதற்குள் தடுத்து, எழுதியவர் மனம் உடையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று இரவு உங்கள் முன்னால் இருந்த வேலை இவ்வளவு பெரியது. மற்றவர்கள் கண்ணுக்குப் பட்டதோ ஒரு பதிவு காணாமல் போனது மட்டும்தான். நீங்கள் நீக்கியதால் எந்த வீட்டிலாவது ஒரு பிள்ளைக்கு ஊசி நிற்காமல் போயிருந்தால், அந்த வீட்டுக்கே அது தெரியாது. அவர்கள் உங்களுக்கு நன்றி சொல்ல வழியே இல்லை. கோபப்பட்டவர்கள் மட்டும் உடனே எழுதுவார்கள். வருடக்கணக்கில் அந்தக் கடிதங்களை மட்டுமே படிக்கிறவருக்கு எல்லோருமே தன்னை வெறுக்கிறார்கள் என்று தோன்றிவிடும். உங்கள் கடிதத்திலும் அது தெரிகிறது.

இந்த வேலையின் பாரம் நேரக் கணக்கில் அடங்குவதில்லை. விளம்பரக் குப்பையை நீக்குவது சலிப்பான வேலை, அவ்வளவுதான். விலக்கப்பட்டவர் புதுப்பெயரில் மறுபடி வருவது எரிச்சல். இரண்டு நல்ல மனிதர்கள் அடித்துக்கொள்ளும்போது யாரை நிறுத்துவது என்பது வேறு விதமான வலி. இனி வாழ விருப்பமில்லை என்று நடுராத்திரியில் ஒருவர் எழுதிவிட்டுப் போனால், அதை முதலில் பார்க்கிற மட்டுறுத்துநருக்கு, அதாவது உங்களைப் போலக் குழுவைப் பார்த்துக்கொள்கிறவருக்கு, அன்று தூக்கம் கிடையாது. சம்பளத்துக்கு இதே வேலையைச் செய்தவர்கள் மனம் பாதிக்கப்பட்டு வழக்குப் போட்டார்கள். 2020இல் ஃபேஸ்புக் அவர்களுக்காக 5 கோடியே 20 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்தப் பாதிப்பு நிஜம் என்பதற்கு அங்கே ஒரு சாட்சியாவது இருக்கிறது. தன்னார்வலருக்கு வழக்குப் போட ஒரு முதலாளிகூட இல்லை.

எதற்காகச் செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். "எனக்குக் கைகொடுத்த குழு" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் அறிந்தவரை பெரும்பாலானவர்கள் இதற்குள் வந்த வழி அதுதான். தவித்து நின்ற ஒரு நாளில் முகம் தெரியாத யாரோ பதில் சொன்னார்கள், அடுத்து தவித்து வருகிறவருக்குப் பதில் சொல்ல இவர் அங்கேயே தங்கிவிட்டார். பட்ட கடனைத் திருப்பித் தருகிற மனசு. வேறு சிலருக்கு விஷயத்தின் மேல் காதல். தலைப்புக்கு ஒரு குழுவாகக் கூடிப் பேசும் ரெடிட் என்ற இணையதளத்தில், வரலாற்றாசிரியர்களைக் கேட்பதற்கென்றே ஒரு குழு உண்டு. அங்கே ஆழமில்லாத, ஆதாரத்தோடு நிறுவ முடியாத பதில் எவ்வளவு சுவையாக இருந்தாலும் நீக்கிவிடுவார்கள். சில கேள்விகளுக்குக் கீழே நீக்கப்பட்ட பதில்களின் தடம் மட்டும் நீளமாகக் கிடக்கும். அதைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்கள் உண்டு. எனக்கு மரியாதைதான் வருகிறது.

அதிகாரத்துக்காக வருகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். நீக்கும் பொத்தானை அழுத்துவதில் ருசி கண்டவர்கள். காரணம் கேட்டால் அவர்களுக்குக் கோபம் வரும். உங்களுக்கு வந்திருப்பது தூக்கமின்மையும் குற்ற உணர்ச்சியும்.

உங்கள் மனைவி கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ராத்திரி நீங்கள் குழுவுக்குக் கொடுக்கும் நேரம் அவரிடமிருந்தும் மகளிடமிருந்தும் எடுத்ததுதான். அவருக்கும் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு இந்தக் காசு விஷயத்தைக் கொஞ்சம் பார்க்கலாம்.

இந்த உழைப்பை விலை போட்டே பார்த்திருக்கிறார்கள். நார்த்வெஸ்டர்ன், மினசோட்டா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2022இல் ரெடிட்டின் மட்டுறுத்துநர்களுக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். எல்லோரும் சேர்ந்து நாளொன்றுக்குக் குறைந்தது 466 மணி நேரம். ஆண்டுக்குக் குறைந்தது 34 லட்சம் டாலர் பெறும் வேலை, அந்த நிறுவனத்தின் 2019 வருவாயில் 2.8 சதவீதம். மட்டுறுத்தல் செயல்களின் பதிவேட்டை வைத்துப் போட்ட கணக்கு இது. நீக்கலாமா வேண்டாமா என்று நீங்கள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

ஆனால் இந்தத் தன்னார்வலர்கள் எப்போதெல்லாம் எதிர்த்து எழுந்தார்கள் என்று பாருங்கள். காசு கேட்டு எழுந்தது எனக்குத் தெரிந்து பெரிதாக ஒரே முறைதான். 1990களில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனத்தின் அரட்டை அறைகளையும் செய்திப் பலகைகளையும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் இருவர் 1999இல் வழக்குப் போட்டார்கள். கடைசியில் 2010இல் ஒன்றரைக் கோடி டாலருக்கு அது முடிந்தது. அவர்கள் வழக்கின் அடிப்படை, தங்களை ஊழியர்களைப் போல வைத்து வேலை வாங்கினார்கள் என்பது. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் கட்டாயம், வேலை நேரக் குறிப்பு, அறிக்கை, பயிற்சி. இவ்வளவு கட்டளையும் போட்டுவிட்டுக் கூலி மட்டும் கிடையாது என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மற்ற எழுச்சிகளில் கூலிப் பேச்சே இல்லை. 2015இல் ரெடிட்டில் தங்களுக்கும் நிறுவனத்துக்கும் பாலமாக இருந்த ஒரு ஊழியரைச் சொல்லாமல் கொள்ளாமல் நீக்கியதற்காக நூற்றுக்கணக்கான குழுக்களைப் பூட்டினார்கள். 2023 ஜூனில் வெளியார் செய்த செயலிகளுக்கு நிறுவனம் பெரிய கட்டணம் விதித்தபோது 8,000க்கும் மேற்பட்ட குழுக்களைப் பூட்டினார்கள். மட்டுறுத்துநர்கள் பலர் வேலை பார்த்ததே அந்தச் செயலிகளில்தான். பார்வையற்றவர்களின் குழுவுக்கோ, அவை இல்லாவிட்டால் தங்கள் குழுவையே நடத்த முடியாத நிலை. அணுகல்தன்மைக்கான, வணிக நோக்கமில்லாத செயலிகளுக்கு நிறுவனம் விலக்கு அளித்தது. பூட்டிய குழுக்களைத் திறக்காவிட்டால் பொறுப்பிலிருந்து எடுத்துவிடுவோம் என்ற எச்சரிக்கையும் வந்தது. அதே மாதம் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி பதில் தளத்தில் மட்டுறுத்துநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செயற்கை நுண்ணறிவு எழுதிய பதில்களை நீக்க அவர்களுக்கு இருந்த உரிமையை நிறுவனம் பெரிதும் சுருக்கியிருந்தது. ஆகஸ்டில்தான் உடன்பாடு வந்தது.

இவர்கள் ஒரு கூலியும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வேலை செய்யக் கருவி, முடிவெடுக்கும்போது ஒரு வார்த்தை, எடுத்த முடிவுக்கு ஒரு துணை. பொறுப்பு முழுவதும் என் தலையில், பேச்சுரிமை மட்டும் இல்லை என்றால் இலவசமாகச் செய்கிறவருக்குக் கூலிக்காரரைவிட அதிகமாகச் சுடும். கூலிக்காரருக்குச் சம்பளமாவது மிஞ்சும். இவர் கொடுத்தது அன்பு, அதைக் கேட்பாரற்ற பொருளாக எடுத்துக்கொண்டால் பொங்கத்தான் செய்வார்.

உங்கள் குழுவிலும் நடப்பது இதுதான் என்பது என் எண்ணம். உங்களை வாட்டுவது சம்பளம் இல்லாதது இல்லை. பல ஆயிரம் பேரின் பொறுப்பை வைத்துக்கொண்டு, முடிவெடுக்கும் நேரத்தில் தனியாக நிற்கிறீர்கள். அதை மாற்ற முடியும்.

எட்டிப் பார்க்காத அந்த இரண்டு அட்மின்களை நன்றி சொல்லி விடுவியுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஓராண்டு எந்தச் செயலும் இல்லாத நிர்வாகியின் உரிமைகளை எடுத்துவிடுவார்கள், அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. புதிதாக மூன்று நான்கு பேரைக் குழுவே தேர்ந்தெடுக்கட்டும். இரவு நேரத்தில் வரும் பதிவுகள் காலையில் ஒப்புதல் பெற்று வெளியானால் போதும். அவசரம் என்றால் மருத்துவமனைக்கு ஓடுங்கள் என்று மேலே எழுதி வைத்துவிடுங்கள்.

விதிகளையும் எல்லோரும் பார்க்கும்படி மேலேயே ஒட்டி வையுங்கள். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ரெடிட்டின் அறிவியல் குழுவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். உரையாடலின் உச்சியில் விதிகளை வைத்தபோது, விதிப்படி எழுதும் புதியவர்களின் அளவு 8 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. புதிதாகப் பேச வந்தவர்களின் எண்ணிக்கையும் சராசரியாக 70 சதவீதம் ஏறியது. கண்டிப்பைக் கண்டு ஜனங்கள் ஓடிவிடுவார்கள் என்ற பயம் அங்கே பொய்யானது. நீக்கும்போது காரணம் சொன்னால் அதே ஆள் மறுபடி தவறு செய்வது குறைகிறது என்று 2019இல் இன்னொரு ஆய்வும் காட்டியது.

அன்று நீங்கள் விட்டது அந்தக் காரணம் ஒன்றைத்தான். குறையாகச் சொல்லவில்லை, அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் முதலில் நீக்கத்தான் கை போயிருக்கும். இப்போது செய்யலாம். ஹனிமூன் கட்டம் பற்றி ஒரு பக்கத்தில் எளிமையாக ஒரு குறிப்பு எழுதுங்கள். உங்கள் குழுவிலேயே ஒரு மருத்துவரோ செவிலியரோ இருப்பார், அவரிடம் காட்டித் திருத்துங்கள். இனி பொடியோ மந்திரமோ எது வந்தாலும் பதிவை நீக்கிவிட்டு அந்தக் குறிப்பை எழுதியவருக்கு அனுப்பலாம். அந்த அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடுங்கள். "உங்கள் மகனுக்கு ஊசி குறைந்தது உண்மை, அது ஏன் என்று சொல்கிறேன்" என்று ஆரம்பியுங்கள். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்பதை இரண்டு முறை எழுதுங்கள். அவர் மகன்தான் இந்த விஷயத்தில் முதலில் முக்கியம்.

மகளின் படத்தைப் போட்டவர் விஷயத்தில் கருணை வேண்டாம். அந்தப் பதிவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தளத்துக்குப் புகார் கொடுத்து, நிரந்தரமாக வெளியேற்றுங்கள். அந்த முடிவை மற்ற அட்மின்கள் பெயரில் அறிவிக்கச் சொல்லுங்கள், உங்கள் பெயரில் வேண்டாம். உங்கள் சொந்தக் கணக்கில் குடும்பப் படங்கள் பொதுவில் இருந்தால் இன்றைக்கே மூடிவிட்டு, அட்மின் வேலைக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நல்ல மனசுக்கு ஒரு குழந்தை விலை கொடுக்கக் கூடாது.

விட்டுவிடலாமா? விடலாம். யாரும் உங்களைக் கேட்க முடியாது. பட்ட கடனை நீங்கள் எப்போதோ தீர்த்துவிட்டீர்கள். ஆனால் கோபத்தில் ஒரு ராத்திரியில் விட்டுவிட்டு வராதீர்கள், அப்படி வந்தவர்கள் பின்னால் வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். யார் யாரை எதற்காக விலக்கினீர்கள், எந்தப் பேச்சு அடிக்கடி சண்டையாகிறது, எந்த உறுப்பினரைக் கொஞ்சம் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், இதையெல்லாம் எழுதி வையுங்கள். இப்போது அது உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறது. நீங்கள் போனால் குழு என்ன ஆகும் என்ற பயத்தில் பாதி அதனால்தான். புதிதாக வருகிறவர்கள் அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் நடத்தட்டும், நீங்கள் வெறும் உறுப்பினராக இருந்து பாருங்கள். அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

ஹனிமூன் கட்டம் பற்றிய குறிப்பு மருத்துவர் பார்த்து முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். உங்கள் பெயர் இல்லாமல் இங்கேயும் வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா