ஐம்பது லட்சமும் ஒரு மருந்துப் புட்டியும்

கேள்வி: எங்கள் நான்கு வயது மகனுக்கு எஸ்.எம்.ஏ. எனப்படும் தண்டுவடத் தசைச் சிதைவு நோய் இருப்பது மரபணுப் பரிசோதனையில் உறுதியாகியுள்ளது. எடை 15 கிலோ. ரிஸ்டிப்லாம் என்னும் வாய்வழி மருந்தை மருத்துவர் எழுதியிருக்கிறார். மத்திய அரசு 50 லட்சம் தரும் என்கிறார்கள். எங்களிடம் 6 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும் 12 பவுன் நகையும் உள்ளன. ரெட்டிச்சாவடி மனையை விற்றுவிடலாமா? – வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: மனையை இப்போது விற்க வேண்டாம்.

அந்த 50 லட்சம் உங்கள் கணக்கில் வந்து விழும் பணம் அன்று. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையில் 20 லட்சமாக இருந்து, 2022இல் உயர்த்தப்பட்ட உச்சவரம்பு அது. அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையத்தில் பதிந்து, அங்குள்ள மருத்துவர்கள் பரிந்துரைத்த பிறகு, தொகை அந்த மையத்துக்கே செல்லும். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அத்தகைய மையம். மகனை இப்போது ஜிப்மரில் காட்டிவந்தாலும், மரபணு அறிக்கையுடன் எழும்பூருக்கு ஒருமுறை சென்று பதிவை முடித்துவிடுங்கள்.

இனிக் கணக்கு. ஒரு புட்டியில் 60 மில்லிகிராம் மருந்து. 15 கிலோ குழந்தைக்கு நாளொன்றுக்கு 3.75 மில்லிகிராம் என்பதால் ஒரு புட்டி 16 நாள் வரும், ஆண்டுக்கு 23 புட்டி வேண்டும். மூல நிறுவனத்தின் மருந்து மட்டுமே இருந்து, ஒரு புட்டி ஆறு லட்சத்துக்கும் மேல் விற்ற காலத்தில் அரசின் உச்சவரம்பு நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். காப்புரிமை வழக்குகளுக்குப் பின் 2025 அக்டோபரில் இந்திய நிறுவனத்தின் பொதுப்பெயர் மருந்து (அதே மருந்தின் மலிவான வடிவம்) புட்டி 15,900 ரூபாய்க்கு வந்தது. அந்த விலையில் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 3.66 லட்சம், அதே 50 லட்சம் பல ஆண்டுகளுக்குத் தாங்கும். ஆகவே, இந்த இரண்டில் எந்த மருந்தைப் பரிந்துரைக்கிறார்கள் என்பதை எழும்பூரில் தெளிவாகக் கேளுங்கள்.

இந்த நோயில் அழியும் நரம்பணுக்கள் அரசாணைக்காகக் காத்திருப்பதில்லை. எனவே அனுமதி வரும்வரை வைப்புத்தொகையிலிருந்தே மருந்தைத் தொடங்குங்கள். பொதுப்பெயர் மருந்தானால் ஒன்றரை ஆண்டுக்கு அது போதும். மொத்தத்தையும் சேமிப்புக் கணக்கில் போடாமல் மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு மாத வைப்புகளாகப் பிரித்து வையுங்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும். தேவைப்பட்டால் விற்காமல் அடகு வைக்கலாம்.

குளிர்சாதனப் பெட்டிக்கு இன்வர்ட்டர் இணைப்பு கொடுத்துவிடுங்கள். பொடியாக வரும் மருந்தைக் கரைத்தபின் குளிரில்தான் வைக்க வேண்டும். 2011இன் தானே புயலைக் கண்ட கடலூரில் மின்வெட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் 40 சதவீதத்துக்குக் குறையாமல் கிடைத்தால், பழைய வரிமுறையில் 75,000 ரூபாயும், 80 சதவீதமோ அதற்கு மேலோ எனில் 1.25 லட்சமும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். புதிய வரிமுறையில் இந்தச் சலுகை இல்லை.

மனை விற்பனையை மகன் 20 கிலோவைத் தொடும் ஆண்டில் மறுபடி யோசியுங்கள்: அப்போது அளவு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம், புட்டி 12 நாள், ஆண்டுச் செலவு அதே 15,900 ரூபாய் விலையில் 4.9 லட்சம்.