மீன் பாடுவது மெய்யா?

கேள்வி: ஆடி மாதம் பிள்ளைகளோடு மட்டக்களப்புக்கு வருகிறோம். மீன் பாடுவது மெய்யா? வேறென்ன பார்க்கலாம்?
– வாசகி, கொழும்பு

பதில்: வாங்க தங்கச்சி, தொப்பியோடு வாங்க. ஆடியில் கச்சான் காற்று அனலாக அடிக்கும்.

பாட்டுக்கு நிலாக் காலம்தான் தோது. கல்லடிப் பழைய பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியை வாவிக்குள் விட்டு மறுநுனியில் காதை வையுங்க. பாடுவது மீனா, சிப்பியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஓட்டோக்காரர் பாலத்தின் மேலே நிறுத்தி “கேட்குதா?” என்றால் நம்பாதீங்க. அது லொறிச் சத்தம்!

கோட்டை, 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது. பத்தே வருடத்தில் ஒல்லாந்தர் பறித்துக்கொண்டார்கள். நெடுங்காலம் கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) அதற்குள் இருந்ததால், எங்கள் ஆட்கள் கோட்டை பார்த்ததெல்லாம் படிவத்தோடு வரிசையில் நின்றுதான்.

பிள்ளைகளுக்குப் பாசிக்குடாக் கடற்கரை. வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான்.