கொரோனா பேட்ச் பிள்ளைகளும் வீட்டுச் சண்டைகளும்

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு, தனியார் பள்ளி. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். கணக்கு என்றாலே அழுகை. வேறு பள்ளியில் பேசி, ஐந்தாம் வகுப்பிலேயே இன்னொரு வருஷம் உட்கார வைக்கலாம் என்கிறார் கணவர். டியூஷன் போதும் என்கிறேன் நான். பேச்சு கடைசியில் கொரோனாவில்தான் போய் நிற்கிறது. "ஆன்லைன் கிளாஸ் நடந்தப்ப நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தே?" என்று அவர், "வீட்ல இருந்த ஒரே போனை நீங்கதானே வேலைக்கு எடுத்துட்டுப் போனீங்க" என்று நான். யார் சொல்வது சரி?
– பெயர் வேண்டாம், ஆரணி

பதில்: போன் வழக்கை முதலில் தள்ளுபடி செய்துவிடுங்கள். கையில் தனி போனே கொடுத்திருந்தாலும் ஐந்து வயதுப் பிள்ளை அதைப் பார்த்துக் கணக்குக் கற்றிருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வகுப்பு வரை 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. அதாவது ஒன்றாம் வகுப்பு முழுக்க உங்கள் மகள் வகுப்பறையையே பார்க்கவில்லை, இரண்டாம் வகுப்பில் பாதி போன பிறகு உள்ளே போனாள், போய்ச் சேர்ந்த இரண்டு மாதத்தில் ஒமைக்ரான் என்று மறுபடி மூடி பிப்ரவரியில் திறந்தார்கள். இது ஊர் முழுக்க நடந்தது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் 'அசர்' ஆய்வில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 2018-இல் 100-க்கு சுமார் 40 பேர், 2022-இல் சுமார் 25 பேர். இதற்கெல்லாம் உங்கள் வீட்டுப் போனா காரணம்?

சரி, ஐந்தாம் வகுப்பு விஷயம். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஒரு தாளில் 305-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். 127 வந்தால் நல்லது. 273 என்று எழுதினாள் என்றால், ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டாள், கடன் வாங்கிக் கழிப்பது அவளுக்கு வந்து சேரவே இல்லை என்று அர்த்தம். அது இரண்டாம், மூன்றாம் வகுப்புச் சரக்கு. ஐந்தாம் வகுப்பு டீச்சர் அதை எங்கே நடத்தப்போகிறார்? அவர் பின்னத்தில் இருப்பார். இன்னொரு வருஷமும் அதே அழுகைதான், கூடப் படித்த பிள்ளைகளும் இல்லாமல்.

டியூஷன் என்று சொன்னதால் நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அன்றைய வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுத்து அனுப்பும் டியூஷன் என்றால் நோட்டு நிறையும், அவ்வளவுதான். டியூஷன் டீச்சரிடம் நேராகச் சொல்லுங்கள்: கொஞ்ச நாளைக்கு ஆறாம் வகுப்புப் புத்தகத்தைத் தொட வேண்டாம், ஒன்று பத்து நூறிலிருந்து ஆரம்பியுங்கள் என்று. கணவருக்கும் வேலை இருக்கிறது. ராத்திரி சாப்பிட்டதும் மூன்று நூறு ரூபாய் நோட்டையும் ஒரு ஐந்து ரூபாய் காசையும் மகள் கையில் கொடுத்து, "178 ரூபாய் கொடு" என்று கேட்கட்டும். நூறைப் பத்துப் பத்தாக மாற்றாமல், ஒரு பத்தைச் சில்லறையாக்காமல் அவளால் கொடுக்க முடியாது. கடன் வாங்குவது என்றால் இதுதான் என்று அங்கேயே புரிந்துவிடும்.

இதெல்லாம் இனிமேல் வருமா என்று கேட்பீர்கள். வரும். பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங் உள்ளிட்டோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி மூடியதில் கணக்கில்தான் அடி அதிகம், ஆனால் திறந்து ஆறு மாதத்திலேயே இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது, அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு, தன்னார்வலர்களை வைத்து அரசு நடத்திய 'இல்லம் தேடிக் கல்வி' சாயங்கால வகுப்புகளால் வந்தது. உங்கள் மகளைப் போன்ற தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்த வகுப்பும் இல்லை. அதை இப்போது வீட்டில் நடத்துங்கள்.

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் பையனையும் இன்னும் சிலரையும் தமிழ் டீச்சர் தனியாக உட்கார வைத்து வாசிக்கச் சொல்லித் தருகிறார். பெற்றோர் கூட்டத்தில் இது அவமானம் என்று நாங்கள் சிலர் சத்தம் போட்டோம். என் மனைவி டீச்சர் பக்கம் பேசுகிறார்.
– ஒரு தந்தை, பல்லடம்

பதில்: நானும் உங்கள் மனைவி பக்கம்தான். 2022 ஜூனில் அரசு கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் இதைத்தான் செய்தார்கள். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைப்படி பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். முதலில் அது மூன்றாம் வகுப்பு வரைதான், உங்கள் பையன் அப்போது நான்காவதில் இருந்திருப்பான். வாசிக்கத் தெரியாத பையனை ஏழாம் வகுப்புப் பாடத்தின் முன் சும்மா உட்கார வைப்பதுதான் அவமானம். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: பி.டி. பீரியடைப் பிடுங்கி இதை நடத்துகிறார்களா, அந்தக் குழுவுக்குப் பட்டப்பெயர் ஏதாவது வைத்திருக்கிறார்களா, எப்போது வெளியே விடுவார்கள். முதல் இரண்டுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்தால் இன்னொரு முறை சத்தம் போடுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

கேள்வி: அவ்வளவு நாள் பள்ளிகளை மூடியிருக்கத்தான் வேண்டுமா? எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் பெற்றோர் இரண்டு கட்சியாகிவிட்டார்கள்.
– வாசகர், வேளச்சேரி

பதில்: கொரோனா இரண்டாம் அலை அடித்த 2021 ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி திறந்திருந்தாலும் அந்தக் குரூப்பில் யாரும் பிள்ளையை அனுப்பியிருக்க மாட்டார்கள், அதனால் அதை விடுங்கள். எனக்குள்ள குறை அதற்குப் பிறகுதான். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை செப்டம்பர் 1-இல் திறந்துவிட்டு, போனில் படிக்கவே முடியாத சின்னப் பிள்ளைகளை இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். திறப்பதானால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) தலைமை இயக்குநராக இருந்த பல்ராம் பார்கவா அந்த ஜூலையிலேயே சொல்லியிருந்தார். பொதுத்தேர்வு எழுதும் வகுப்பு முதலில் வர வேண்டும் என்ற நம் பழக்கம் வேறு மாதிரி முடிவெடுத்தது, பெற்றோரும் அப்போது பெரிதாக எதிர்க்கவில்லை. இதைக் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள், இன்னும் இரண்டு நாள் ஓடும்.