கேள்வி – பதில்: போர்க்களத் தாதியர்

கேள்வி: முதலாம் உலகப் போரில் படைத் தாதியர் காயங்களுக்குக் கட்டுப் போட்டதைத் தவிர வேறென்ன செய்தார்கள்? (வாசகி, சுன்னாகம்)

பதில்: கட்டுப் போடுவது அவர்களுடைய பணியின் எளிய பகுதிதான். பெனிசிலின் கண்டறியப்படாத அக்காலத்தில் (1914–1918), எருவிட்ட வயல் மண் புகுந்த காயங்கள் விரைவில் அழுகின. ஆகவே சத்திரசிகிச்சை நிபுணர் கரெல், இரசாயனவியலாளர் டேக்கின் ஆகிய இருவர் வகுத்த முறைப்படி, காயத்தினுள் செருகிய இறப்பர்க் குழாய்களின் வழியே கிருமிகளைக் கொல்லும் நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைற்றுக் கரைசலை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நள்ளிரவானாலும் தவறாமல், தாதியர் செலுத்தி வந்தனர். (நம் கிணறுகளுக்கு இடும் குளோரின் தூளுக்கு அக்கரைசல் நெருங்கிய உறவு.) செறிவு சற்றுக் கூடினாலும் தோல் புண்ணாகிவிடும் என்பதால் தூக்கக் கலக்கத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை. முறைக்கு அவ்விருவரின் பெயர் நிலைத்தது; விழித்திருந்தவர்களை எவரும் குறித்துவைக்கவில்லை என்பது என் ஆதங்கம். இவற்றுக்கிடையே, இறந்த வீரனின் தாய்க்குக் கடிதம் எழுதும் பொறுப்பும் பல வேளைகளில் நோயாளர் விடுதியின் தலைமைத் தாதியையே சேர்ந்தது.