கணினியில் செய்யும் ஞாபக, கவனச் சோதனைகளில் மவுஸால் செய்தால் ஒரு புள்ளி, தொடுதிரையில் வேறு புள்ளி. எதை நம்புவது?

இரண்டுமே உண்மையான புள்ளிதான், ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. திரையில் வரும் எண்ணுக்குள் கண், மூளை, கை, கருவி எல்லாவற்றின் நேரமும் கலந்திருக்கிறது.

வெளிச்சம் தெரிந்ததும் பொத்தானை அழுத்தும் எளிய சோதனையில் இளவயதினர் ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிசெக்கன் எடுப்பார்கள். செக்கனுக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும் (60 ஹேர்ட்ஸ்) திரை ஒரு தடவை புதுப்பிக்கவே 17 மில்லிசெக்கன் அளவில் போய்விடும். அதற்கு மேல் கீபோர்டின் தாமதம், தொடுதிரையின் தாமதம். மவுஸ் என்றால் அம்புக்குறியைக் கொண்டுபோய்ச் சரியான இடத்தில் நிறுத்தவும் வேண்டும். இலக்கு தூரமாகவும் சிறிதாகவும் இருக்க இருக்க நேரம் கூடும் என்று உளவியலாளர் போல் ஃபிட்ஸ் 1954இலேயே காட்டிவிட்டார்.

கொக்குவிலில் இருக்கும் என் மாமா இளைப்பாறிய தபாலதிபர். மவுஸைத் தொட்டே பழக்கமில்லாதவரை இப்படியொரு சோதனையை மவுஸால் செய்ய வைத்தார்கள். பாதி நேரம் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவைப் பார்த்துவிட்டு, "எனக்கு மறதி தொடங்கிட்டுதோ தம்பி?" என்று கேட்டார். அந்தப் பயம் தேவையே இல்லாதது. இதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அதற்காகத் தொடுதிரை எல்லாருக்கும் நல்லது என்றும் சொல்ல முடியாது. வயதானவர்களின் காய்ந்த விரல் நுனியைச் சில திரைகள் உணராது. கை நடுங்கினால் ஒரு தொடுகை இரண்டாகப் பதியும்.

சொற்களை நினைவுகூர்ந்து தட்டச்சு செய்யும் சோதனை எங்கள் ஆட்களுக்கு இன்னும் சிக்கல். பாமினி என்ற தட்டச்சு முறையில் பழகியவருக்கு, எழுத்துகள் வேறு இடங்களில் இருக்கும் தமிழ்99 முறையைக் கொடுத்தால் எழுத்தைத் தேடுவதற்குள் சொல் மறந்துபோகும். அங்கே வாயால் சொல்ல விட்டு மற்றவர் குறித்துக்கொள்வதே நியாயம். ஆனால் வாயால் சொல்வதும் முடிவை மாற்றும். சிவப்பு மையில் 'பச்சை' என்று எழுதி மையின் நிறத்தைக் கேட்கும் ஸ்ட்ரூப் சோதனையில், பொத்தானை அழுத்துவதைவிட வாயால் சொல்லும்போது தடுமாற்றம் பொதுவாகக் கூடுதல்.

சரி, என்ன செய்யலாம்? பழகிய கருவியில், ஒத்திகைச் சுற்று முடித்த பிறகு செய்யுங்கள். அடுத்த முறையும் அதே கருவிதான். வேகத்தையும் சரியான விடைகளையும் தனித்தனியாகப் பாருங்கள்; விடைகள் சரியாக இருந்து நேரம் மட்டும் கூடியிருந்தால் முதலில் கருவியைச் சந்தேகியுங்கள். நாளாந்த வாழ்க்கையிலும் மறதி தெரிந்தால் வைத்தியரிடம் நேரில் போங்கள், எந்தக் கருவியில் செய்த சோதனை என்பதையும் சொல்லுங்கள்.