இரண்டு முறை விக்டோரியா கிராஸ்

கேள்வி: நம் பரம்வீர் சக்ரா மாதிரி ஒரு நாட்டின் உச்ச வீர விருதை ஒரே ஆள் இரண்டு முறை வாங்கியது உண்டா? (வாசகர், காரைக்குடி)

பரம்வீர் சக்ராவில் இல்லை. பிரிட்டிஷ் மகுடத்தின் விக்டோரியா கிராஸில் உண்டு. 1856-ல் தொடங்கிய விருது, இரண்டு முறை வாங்கியவர்கள் இதுவரை மூன்றே பேர். அதில் இருவர் டாக்டர்கள், குண்டு மழைக்கு நடுவே காயம்பட்டவர்களைக் காப்பாற்றப் போனவர்கள். ஆர்தர் மார்ட்டின் லீக் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் ஒன்று, முதல் உலகப் போரில் 1914-ல் இன்னொன்று வாங்கினார். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு வேலை எங்கே தெரியுமா, நம்ம பெங்கால் நாக்பூர் ரயில்வேயில்! நோயல் சவாஸுக்கு இரண்டாவது விருது 1917-ல் அவர் இறந்த பிறகுதான் வந்தது.

துப்பாக்கி பிடித்துச் சண்டை போட்டு இரண்டு வாங்கியவர் ஒருவர்தான், நியூசிலாந்தின் சார்லஸ் அப்ஹாம். விவசாயக் கல்லூரியில் படித்தவர், பண்ணை நிலங்களுக்கு விலை மதிப்பிடும் வேலை, 1939-ல் போர் வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்தார்.

1941 மே மாதம் ஜெர்மன் பாராசூட் படை கிரீட் தீவில் இறங்கியது. செகண்ட் லெப்டினன்ட் அப்ஹாமின் பிளட்டூன் (சிறு படைப்பிரிவு) அங்கிருந்த மாலெமே விமானத்தளத்தை மீட்க முன்னேறியபோது, வழியில் இருந்த இயந்திரத் துப்பாக்கி நிலைகளைக் கையெறி குண்டோடு கிட்டப் போய் அவரே அழித்தார். அடுத்த ஒரு வாரம் அவர் உடம்பு இருந்த நிலையைக் கேளுங்கள்: தோளில் குண்டுச் சிதறல், காலில் தோட்டா, போதாததற்குச் சீதபேதி, சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. ஒரு கை உதவாததால் மரக்கிளையின் கவட்டில் துப்பாக்கியை வைத்து, இன்னொரு கையால் சுட்டு, நெருங்கி வந்த இருவரை வீழ்த்தினார். இதையெல்லாம் சேர்த்துத்தான் முதல் கிராஸ், ஏதோ ஒரு நிமிட ஆவேசத்துக்குக் கொடுத்ததல்ல.

1942 ஜூலை, எகிப்தின் ருவைசாத் மேடு. இப்போது கேப்டன். முழங்கை நொறுங்கிய பிறகும் தன் கம்பெனியை, அதாவது படைப்பிரிவை, நடத்தினார், கையெறி குண்டால் ஒரு டாங்கியையும் சில பீரங்கிகளையும் அழித்தார். கடைசியில் கூட இருந்தவர்களில் ஒரு கைப்பிடி ஆட்கள்தான் மிச்சம், நகர முடியாத நிலையில் அப்ஹாம் பிடிபட்டார். சிறையிலும் சும்மா இருக்கவில்லை. பட்டப்பகலில் முள்வேலி ஏறி, அதில் சிக்கிக்கொண்டு, காவலாளி துப்பாக்கியை நீட்டியபோது சாவகாசமாக சிகரெட் பற்றவைத்தாராம். இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஜெர்மானியர் வைத்திருந்த கோல்டிட்ஸ் கோட்டைக்கு 1944-ல் அனுப்பிவிட்டார்கள்.

1945-ல் இரண்டாவது கிராஸுக்கான பரிந்துரை வந்தபோது மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கே சந்தேகம். இவர் இதற்குத் தகுதியானவர்தானா என்று நியூசிலாந்து ஜெனரல் கிப்பன்பெர்கரிடம் கேட்டார். அப்ஹாம் இந்த விருதைப் பல தடவை வென்றுவிட்டார் ஐயா என்று பதில் வந்தது. அதற்கு மேல் மன்னர் என்ன சொல்வார்?

கேள்வி: அப்போ சட்டையில் இரண்டு பதக்கம் தொங்குமா? (அதே வாசகர்)

தொங்காது. பதக்கம் ஒன்றுதான். இரண்டாவது முறைக்கு, பதக்கம் தொங்கும் நாடாவில் ஒரு உலோகப் பட்டை சேரும். பதக்கம் அணியாமல் நாடா மட்டும் குத்தும்போது அதில் இரண்டு குட்டிச் சிலுவைகள்.

கேள்வி: அப்ஹாம் அப்புறம் என்ன ஆனார், பதக்கம் இப்போது எங்கே? (வாசகி, ஓசூர்)

ஊர் மக்கள் பண்ணை வாங்கித் தர 10,000 பவுண்டு வரை திரட்டினார்கள். எனக்கு வேண்டாம், போர்வீரர்களின் பிள்ளைகள் படிப்புக்கு வையுங்கள் என்றுவிட்டார். கடன் வாங்கித் தன் பண்ணையை வாங்கினார். ஜெர்மன் கார் எதுவும் அந்தப் பண்ணைக்குள் வரக்கூடாது என்பது கடைசிவரை அவர் பிடிவாதம். கோபம் அவ்வளவு சீக்கிரம் ஆறுமா, நான் குறை சொல்ல மாட்டேன். 1994-ல் காலமானார்.

பதக்கத்தைக் குடும்பத்தினர் 2006-ல் லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்கு விற்றார்கள். நாட்டை விட்டு எடுத்துப்போகச் சட்டம் விடாததால், அது நியூசிலாந்தின் வையூரு ராணுவ அருங்காட்சியகத்திலேயே இருந்தது. 2007 டிசம்பரில் அங்கே திருட்டு! இன்னும் பல பதக்கங்களோடு இதுவும் போனது. 3 லட்சம் நியூசிலாந்து டாலர் பரிசு அறிவித்த பிறகு 2008 பிப்ரவரியில்தான் மீட்டார்கள்.